தோட்டக் கொட்டகைப் பட்டறைக்கு ஏற்ற ரம்பம் எது?

எட்டடிக்குப் பத்தடி அளவுள்ள தோட்டக் கொட்டகையைத் தச்சுப் பட்டறையாக்க விரும்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த ரம்பத்துக்கு உள்ளே இடம் கொடுப்பது என்பதைத்தான். வேலைமேசை, அலமாரி, தூசு உறிஞ்சி எல்லாம் அதை ஒட்டியே அமையும். மேசைப் பரப்பின் நடுவே வட்டு சுழலும் மேசை ரம்பம், சக்கரங்களைச் சுற்றி ஓடும் வளையப் பட்டையே அலகாக அமைந்த பட்டை ரம்பம், நீண்ட அலுமினியச் சட்டத்தின் மீது ஓட்டப்படும் கையடக்க வட்ட ரம்பம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஒரே அகலத்தில் பல மரச்சட்டங்களை நேராக அறுத்தெடுப்பதில் மேசை ரம்பத்துக்கு நிகரில்லை. ஆனால் எட்டடி நீளப் பலகையை முழுமையாகத் தள்ளி அறுப்பதற்கு, சுழலும் வட்டுக்கு முன்னால் எட்டடியும் பின்னால் எட்டடியும் வேண்டும் என்பதால், எதிரெதிர்ச் சுவர்களில் கதவு இல்லாத கொட்டகையில் அந்த வேலை எளிதில் நடக்காது. இதைவிடக் கவலைக்குரியது பின்னுதைப்பு. அறுபடும் மரம் உள்ளிறுக்கம் தளர்ந்து வளைந்து வட்டின் பின்பகுதியை நெருக்கினால், அங்கே மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளுபவரை நோக்கியே வீசிவிடும். வட்டின் பின்னால், அறுத்த பிளவுக்குள் நிற்கும் தகடு இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு அறுப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். அந்தத் தகடு இருந்தாலும், பலகை பாயும் வழியிலிருந்து விலகி நிற்க இடமில்லாத ஒடுங்கிய அறைக்கு இந்த இயந்திரம் பொருந்தாது என்பதே என் கருத்து.

பட்டை ரம்பத்தின் அலகு எப்போதும் கீழ்நோக்கியே ஓடுவதால் மரத்தை மேசையோடு அழுத்துகிறதே தவிர, ஆளை நோக்கி எறிவதில்லை. விரலை அது விட்டுவைக்காது என்பதால் கவனம் மட்டும் குறையக் கூடாது. வழக்கமான மேசை ரம்பத்தின் வட்டு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும் இடத்தில், மெல்லிய பட்டை அலகு 1 மில்லிமீட்டர் அளவே தின்னும். தடித்த பலகையை நிறுத்திவைத்து மெல்லிய பலகைகளாகப் பிளக்கும்போது இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். வளைவான நாற்காலிக் கால்களையும் இதில்தான் அறுக்க முடியும். அறுத்த முகம் சொரசொரப்பாக இருப்பதால் இழைப்புளி கொண்டு இழைத்தாக வேண்டும். அலகு மழுங்கினால் கோட்டை விட்டு விலகவும் செய்யும். 14 அங்குலச் சக்கரம் கொண்ட இயந்திரத்தில் அலகுக்கும் தூணுக்கும் இடையே அந்த அளவுக்குச் சற்றுக் குறைவான அகலமே இருப்பதால், முழுப் பிளைவுட்டை அறுக்க இது உதவாது.

அங்கேதான் வட்ட ரம்பம் கைகொடுக்கிறது. பிளைவுட்டைக் கொட்டகைக்கு வெளியே தடித்த நுரைப்பலகையின் மீது கிடத்தி, அலுமினியச் சட்டத்தைப் பொருத்தி அறுத்துவிட்டு, ரம்பத்தையும் சட்டத்தையும் சுவரில் மாட்டிவிடலாம். குறுகிய கீற்றுகளை அறுக்கும்போது சட்டம் உட்காரப் போதிய பரப்பு இருக்காது என்பதே இதன் பெருங்குறை.

எதைத் தேர்ந்தாலும் தூசு உறிஞ்சியைத் தள்ளிப்போட வேண்டாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிறிய அறையில் நுண்தூள் வெகுநேரம் காற்றிலேயே மிதக்கும்.

அலமாரிகளையே மிகுதியாகச் செய்பவருக்கு வட்ட ரம்பம் போதும். முழு மரத்தில் நாற்காலியும் பெட்டியும் செய்ய ஆசைப்படுபவருக்கு, நல்ல இழைப்புளியுடன் கூடிய பட்டை ரம்பத்தையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். தலைப்பாரம் மிகுந்த அந்த இயந்திரத்தை அசையாத உறுதியான தரையில் நிறுத்தி, அறுப்புக்கோடு கதவுக்கு நேராக இருக்கும்படி திருப்பிவைத்தால், நீண்ட பலகையின் முனை கதவு வழியே வெளியே செல்லும். வெளியே அதே உயரத்தில் ஓர் உருளைத் தாங்கியை வைத்துவிட்டால் பலகை தொய்யாமல் நேராக அறுபடும்.