ஒரே டேட்டாபேஸ், வேறு வேறு ஓஎஸ்: பல வருடம் ஓட்டிய அனுபவம்

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ்களையும் லினக்ஸ், விண்டோஸ், மேக் என மூன்று ஓஎஸ்ஸிலும் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இடையில் லினக்ஸ் மேல் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரும் வந்து சேர்ந்தது. "எந்த ஓஎஸ்ஸில் வேகம் அதிகம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய கேள்வியாகப் படவில்லை. இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) ஒழுங்காக இருந்து, மெமரியும் போதுமான அளவு இருந்தால் தரவைக் கேட்கும் ஒரு செலக்ட் குவெரி எங்கேயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஓடும். கோப்புக்குப் பெயர் வைப்பது, எழுத்துகளை வரிசைப்படுத்துவது, எழுதியதை டிஸ்க்கில் உறுதிசெய்வது, மெமரி கேட்டு வாங்குவது போன்ற வேலைகளை டேட்டாபேஸ் தானே செய்வதில்லை, ஓஎஸ்ஸிடம் விட்டுவிடுகிறது. வம்பெல்லாம் அங்கேதான்.

எல்லோருக்கும் முதலில் இடிப்பது மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயர். அதில் டேட்டாபேஸ் என்பது ஒரு ஃபோல்டர், டேபிள் என்பது அதற்குள் ஒரு கோப்பு. லினக்ஸ் கோப்பு முறை பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும், விண்டோஸ் பார்க்காது. அதனால் விண்டோஸில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய அப்ளிகேஷன் லினக்ஸ் சர்வருக்குப் போனதும் "அப்படி ஒரு டேபிளே இல்லை" என்று 1146 பிழையைக் காட்டும். இதற்கென்று இருக்கும் lower_case_table_names என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு லினக்ஸில் 0, விண்டோஸில் 1, மேக்கில் 2. மேக்கின் 2 ஒரு விசித்திரம்: நாம் கொடுத்தபடியே பெயரைச் சேமித்துவிட்டு, ஒப்பிடும்போது மட்டும் சிறிய எழுத்தாக்கிப் பார்க்கும். 8.0 பதிப்பிலிருந்து சர்வரை முதன்முதலில் உருவாக்கும்போது மட்டுமே இதைத் தீர்மானிக்க முடியும். பிறகு மாற்றினால் சர்வர் கிளம்பாது. இதில் இன்னொரு குழப்பம், காலம் (column, நெடுவரிசை) பெயர்களுக்கு எந்த ஓஎஸ்ஸிலும் இந்தப் பாகுபாடு கிடையாது. ஆனால் டேபிளுக்கு வைக்கும் மாற்றுப்பெயருக்கு லினக்ஸில் உண்டு. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில் வைத்துவிடுவதுதான் ஒரே நிம்மதி. போஸ்ட்கிரெஸில் இந்தத் தலைவலி இல்லை. மேற்கோள் குறி போடாத பெயர்களை அதுவே சிறிய எழுத்தாக்கிவிடும், டிஸ்க்கில் கோப்புப் பெயர்களும் வெறும் எண்கள்.

சின்னச் சின்ன உறுத்தல்களும் உண்டு. சர்வர் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்று கொடுத்தால் லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் யூனிக்ஸ் சாக்கெட் என்ற உள்வழிக் கோப்பு வழியாகப் போகும். விண்டோஸில் டிசிபி என்ற நெட்வொர்க் வழியாகப் போகும். 127.0.0.1 என்று மாற்றிக் கொடுத்த உடனே "வேலை செய்துவிட்டது" என்று பலர் ஆச்சரியப்படுவதன் ரகசியம் இதுதான். நேர மண்டல அட்டவணைகளை லினக்ஸில் ஓஎஸ்ஸிடமிருந்தே ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் அந்தத் தகவல் அந்த வடிவில் இல்லாததால் தனியாகத் தரவிறக்கி ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால், மண்டலப் பெயரைக் கொடுத்து நேரத்தை மாற்றச் சொல்லும்போது பிழைகூடக் காட்டாமல் NULL (மதிப்பே இல்லை) என்று திருப்பித் தரும். பிழை வந்தாலாவது கவனிப்போம்.

விண்டோஸில் இன்னொன்று. பழைய பவர்ஷெல் கட்டளைத் திரையில் டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து, அம்புக்குறி (>) போட்டுக் கோப்புக்கு அனுப்பினால் அது யுடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக் குறியாக்கத்தில் எழுதிவிடும். கோப்பு இருக்கும், அளவும் கனமாக இருக்கும், திறந்து பார்த்தால் வரிகளும் தெரியும். அதை ரீஸ்டோர் செய்யும்போதுதான் (திரும்ப ஏற்றும்போது) முதல் வரியிலேயே மூக்குடைபடும். டம்ப் கட்டளையிலேயே வெளியீட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது வரிசைப்படுத்தல். போஸ்ட்கிரெஸ் நீண்ட காலம் இதை முழுக்க ஓஎஸ்ஸின் சி நூலகத்திடமே விட்டிருந்தது. இன்டெக்ஸ் என்பதே வரிசைப்படுத்திய பட்டியல்தானே. அந்த வரிசை விதி அடியிலிருந்து மாறினால் பட்டியல் பொய்யாகிவிடும். 2018-இல் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி (glibc) 2.28 வந்தபோது இது பெரிய அளவில் நடந்தது. அமெரிக்க ஆங்கில லோகேலில் (மொழி அமைப்பில்) "11", "1-1" இரண்டையும் வரிசைப்படுத்தினால் பழைய பதிப்பில் 11 முன்னால் வரும், புதியதில் 1-1 முன்னால் வரும். அவ்வளவுதான் மாற்றம் என்று தோன்றும். ஆனால் டெபியன் 9-லிருந்து 10-க்கோ, ரெட் ஹாட் 7-லிருந்து 8-க்கோ போனவர்களின் டேட்டா டைரக்டரி (டேட்டாபேஸ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) அப்படியே இருக்க, டெக்ஸ்ட் நெடுவரிசை மேல் இருந்த இன்டெக்ஸ்கள் தவறான விடை சொல்ல ஆரம்பித்தன. இருக்கும் பதிவு தேடினால் கிடைக்காது. யூனிக் (மதிப்பு திரும்ப வரக்கூடாது) என்று போட்ட நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழையும். லாகில் ஒரு வரிகூட இருக்காது. ஓஎஸ் மேம்படுத்திய உடனே ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவது) செய்வதைத் தவிர வழியில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் போனால்தான் வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: லினக்ஸிலிருந்து லினக்ஸுக்குப் போனாலே இவ்வளவு. போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து டேட்டாபேஸின் வரிசை விதிப் பதிப்பையும் குறித்துவைத்து, மாறியிருந்தால் எச்சரிக்கிறது. வெகு தாமதமாக வந்த நல்ல காரியம்.

தமிழ்ப் பெயர்கள் இருக்கும் டேபிளில் இது கண்ணுக்கே தெரியும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னரில் (தனித்து ஓடும் பெட்டி) இருக்கும் மசல் (musl) என்ற சி நூலகம் மொழி விதி எதையும் பார்க்காது, யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோட் அட்டவணையில் ந-வுக்கு அடுத்தே ன இருக்கிறது, ள-வுக்குப் பிறகுதான் ழ வருகிறது. ஆகவே மனோ முதலில், மலர் பிறகு. வளவன் முதலில், வழுதி பிறகு. ஓஎஸ்ஸைச் சாராத ஐசியு (ICU) என்ற யூனிகோட் நூலகத்தின் வரிசையில் நாம் பள்ளியில் படித்தபடி மலர், மனோ என்றும் வழுதி, வளவன் என்றும் வரும். போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து ஐசியுவைத் தேர்ந்தெடுக்கலாம். ஐசியு பதிப்பு ஒன்றாக இருக்கும்வரை மூன்று ஓஎஸ்ஸிலும் ஒரே வரிசை. இப்போதெல்லாம் புதிதாக உருவாக்கும் எதற்கும் அதைத்தான் வைக்கிறேன்.

விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் 2005-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் நேரடியாக ஓடுகிறது. அதன் வடிவமைப்பு ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு பிராசஸ். லினக்ஸில் ஃபோர்க் செய்து நொடிப்பொழுதில் நகலெடுத்துவிடும். விண்டோஸில் ஃபோர்க் கிடையாது. ஒவ்வொரு முறையும் நிரலைப் புதிதாகக் கிளப்பி, பகிர்ந்த மெமரியை அதே முகவரியில் மறுபடி பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாதபோது லாகில் 487 என்ற எண்ணோடு புலம்பும். கனெக்ஷனைத் திறந்து திறந்து மூடும் வெப் அப்ளிகேஷன் என்றால் விண்டோஸில் பூலர் (கனெக்ஷன்களைத் திறந்தே வைத்துப் பகிர்ந்து தரும் நிரல்) இல்லாமல் ஓட்டவே வேண்டாம். மைஎஸ்க்யூஎல் த்ரெட் முறையில் (ஒரே பிராசஸுக்குள் பல இழைகளாக) ஓடுவதால் அங்கே இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டேட்டா டைரக்டரியை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்கி வைப்பது இரண்டுக்கும் பொது. ஸ்கேனர் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து சர்வர் பெயர் மாற்றப் போனால் அனுமதி மறுப்பு வரும். லினக்ஸிலோ, திறந்திருக்கும் கோப்பை அழிக்கவே செய்யலாம். அழித்த பிறகும் அதைத் திறந்துவைத்திருக்கும் பிராசஸ் மூடும்வரை டிஸ்க் இடம் திரும்பாது என்பது வேறு கதை.

லினக்ஸ் என்ன உத்தமனா? மெமரி விஷயத்தில் இல்லை. கேட்டவருக்கெல்லாம் இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுத்துவிட்டு, தட்டுப்பாடு வரும்போது ஒரு பிராசஸைச் சிக்னல் 9 கொடுத்துக் கொன்றுவிடும். போஸ்ட்கிரெஸில் ஒரே ஒரு கனெக்ஷனின் பிராசஸ் அப்படிச் செத்தாலும் போதும். பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்று தலைமை பிராசஸ் எல்லாக் கனெக்ஷன்களையும் துண்டித்துவிட்டு மீட்பு வேலையைத் தொடங்கும். விண்டோஸ் அப்படி இல்லாத மெமரியை வாக்களிப்பதில்லை, அந்த ஒரு குவெரி மட்டும் மெமரி போதவில்லை என்று தோற்கும். லினக்ஸில் இந்த மிகை வாக்கைத் தடுக்க ஓவர்கமிட் மதிப்பை 2 என்று வைப்பதை நான் விடுவதே இல்லை.

டிஸ்க்கில் எழுதி உறுதிசெய்யும் எஃப்சிங்க் அழைப்பிலும் லினக்ஸுக்கு ஒரு கறை உண்டு. எழுதுவது தோற்றால் ஒரு முறை பிழை சொல்லிவிட்டு, அடுத்த அழைப்புக்கு "எல்லாம் சரி" என்று சொல்லும் வழக்கம் அதற்கு இருப்பது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ், எழுத முடியாத அந்த மெமரிப் பக்கங்களைக் கைவிடாமல் வைத்திருக்கும். 2019 பிப்ரவரி பதிப்புகளிலிருந்து போஸ்ட்கிரெஸ் அப்படிப் பிழை வந்தால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் டபிள்யூஏஎல் லாகிலிருந்து மீண்டு எழுகிறது. மேக்கின் கதை வேறு: அதன் எஃப்சிங்க் டிரைவின் உள் கேஷ் வரை தள்ளுவதில்லை, அதற்குத் தனி அழைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பு அந்தத் தனி அழைப்பைப் பயன்படுத்தாது. மேக்கில் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது) பறக்கிறது, சர்வரில் தவழ்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பார்ப்பேன்.

எஸ்க்யூஎல் சர்வர் இதற்கு நேர் எதிர். 2017 அக்டோபரில் லினக்ஸுக்கு வந்தபோது விண்டோஸின் தேவையான பகுதிகளை ஒரு இடைத்தட்டாகவே கூட அழைத்து வந்தது. வரிசை விதி, பெயர் விதி எல்லாம் அதன் கைவசம். லினக்ஸ் லாகிலேயே சி டிரைவ் பாதை தெரியும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஃபைல்ஸ்ட்ரீம் (பெரிய கோப்புகளை டிஸ்க்கில் கோப்பாகவே வைக்கும் வசதி) போன்ற சில மட்டும் அங்கே கிடையாது.

இடம் மாற்றும்போது: மைஎஸ்க்யூஎல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை இன்னொரு சர்வருக்குத் தொடர்ந்து நகலெடுப்பது) ஓஎஸ் தாண்டியும் ஓடும். போஸ்ட்கிரெஸின் நேரடி ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவே ஓடாது. அங்கே போஸ்ட்கிரெஸ் 10-இல் வந்த, தரவு மாற்றங்களை மட்டும் அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன், இல்லாவிட்டால் டம்ப். டெவலப்பர் மெஷின்களில் இப்போது எல்லாமே லினக்ஸ் கன்டெய்னர்தான். ஆனால் மேக்கின் ஃபோல்டரை நேரடியாக டேட்டா டைரக்டரியாக இணைத்தால், கோப்பு முறை எழுத்து வேறுபாடு பார்க்காது என்று கண்டுகொண்டு மைஎஸ்க்யூஎல் அந்தப் பழைய 2-க்கே போய்விடும். அதனால் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் சொந்த வால்யூமில்தான் (சேமிப்பிடத்தில்) வைக்கிறேன்.