ஈ.எஸ்.பி.யா, பிராட்சைடா, டார்க் ரூபியா? நான்கு சிவப்பு ஏல்கள், ஒரு தீர்ப்பு

இங்கிலாந்து பப்பில் ஏல் என்னும் பாரம்பரிய பியர் வகையில் "சிவப்பா, கொஞ்சம் கெட்டியா ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் என்ன வரும் என்பது நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லண்டனில் என்றால் ஃபுல்லர்ஸின் ஈ.எஸ்.பி. (எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்) வரலாம். சஃபோக் கடற்கரைப் பக்கம் என்றால் ஆட்னம்ஸின் பிராட்சைடு. நாட்டின் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கண்ணில் படுவது ஹாப்காப்ளின். பர்மிங்ஹாமுக்கு வடமேற்கே செட்ஜ்லி என்னும் சிற்றூரில் ஒரே ஒரு பப்புக்குப் பின்னால் காய்ச்சப்படுவது டார்க் ரூபி. பியர் வகைப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் இதில் ஒன்று பிட்டர் (கசப்பு தூக்கலான ஏல்), இன்னொன்று மைல்ட் (கசப்பு அடங்கிய ஏல்). சேர்த்து நிறுத்துவதே தப்பு என்பார்கள். குடிக்க வருகிறவர் பட்டியலோடு வருவதில்லை. நான்கும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிவக்கின்றன, நான்கிலும் பாட்டிலில் வருவது 5 சதவீத ஆல்கஹாலை ஒட்டியோ அதற்கு மேலோ. எனக்கு அது போதும். தியாக்ஸ்டனின் ஓல்ட் பெக்குலியரை ஏன் விட்டீர்கள் என்று யார்க்‌ஷையர்காரர்கள் சண்டைக்கு வரலாம். நல்ல ஏல்தான். ஆனால் அது கறுப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது.

முதலில் இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் சண்டையே அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண மால்ட் என்பது முளைகட்டி, உலர்த்திய பார்லி. கிரிஸ்டல் மால்ட்டுக்கு மட்டும் வேறு வழி: முளைவிட்ட பார்லியை ஈரத்தோடே சூடாக்குவார்கள். உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாக மாறும். அப்புறம் வெப்பத்தைக் கூட்டி வறுக்கும்போது அந்தச் சர்க்கரை பாகாகி இறுகும். ஒரு மணியைக் கடித்து உடைத்தால் உள்ளே கண்ணாடித் துண்டு மாதிரி பளபளக்கும். செம்பு நிறமும் டாஃபி மணமும் அதிலிருந்துதான். சிவப்பை இன்னும் ஆழமாக்க, கருக வறுத்த மால்ட்டைச் சிட்டிகை அளவு சேர்ப்பவர்களும் உண்டு.

கிரிஸ்டல் மால்ட்டின் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது இனிப்பாகவே பியரில் தங்கிவிடும். ஆக, சிவப்பு வேண்டுமென்றால் இனிப்பையும் வாங்கியாக வேண்டும். அந்த இனிப்பை எதை வைத்து முடிக்கிறார்கள்? கசப்பாலா, ஈஸ்ட் தரும் பழவாசத்தாலா, ஆல்கஹாலின் காரத்தாலா? வலுவான சிவப்பு ஏலை எடைபோட இதைத் தவிர வேறு கேள்வி எனக்கு இல்லை. முதல் மிடறில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பைண்டின் (568 மில்லி கிளாஸ்) கடைசிக் கால்வாசியில் வாய் சலித்துப்போகிறதா, இன்னொரு மிடறு கேட்கிறதா என்று பாருங்கள்.

நிறத்துக்கு ரொம்ப மயங்க வேண்டாம் என்பதற்கு ஒரு சாட்சி: போட்டிகளில் பரவலாகப் பயன்படும், பியர் நடுவர் அமைப்பான பி.ஜே.சி.பி.யின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. அதில் மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் கெட்டித்தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3. அதிலும் நிறம், தெளிவு, நுரை மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

சுவைக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். 11, 12 டிகிரி வரும்வரை வெளியே வையுங்கள்; பப்பின் நிலவறை வெப்பமும் கிட்டத்தட்ட அதுதான். சோப்பு ஒட்டிய கிளாஸில் நுரை நிற்காது. வலு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள், இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். ஒயின்காரர்கள் துப்புவதுபோல இங்கே துப்பக் கூடாது. கசப்பின் கடைசிப் பகுதி விழுங்கிய பிறகுதான் தெரியும். அப்புறம் வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: நிறமற்ற கண்ணாடி பாட்டிலில், ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்ற பியரை விட்டுவிடுங்கள். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து கந்தக நாற்றம் வரும். கடை அலமாரியிலிருந்து எடுத்த அப்படி ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் அப்படியே தொட்டியில் கொட்டியிருக்கிறேன்.

சரி, ஹாப்காப்ளினில் தொடங்குவோம், அதை சீக்கிரம் முடித்துவிடலாம். 1988இல் ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் விட்னியில், ஒரு பப்காரரின் மகள் திருமணத்துக்காகக் காய்ச்சியதில் பிறந்தது. பாட்டிலில் நெடுங்காலம் 5.2 சதவீதம், பீப்பாயில் அதைவிடக் குறைவு. "என்ன லாகர் பையா, ருசி தெரிந்துவிடுமோ என்று பயமா?" என்று, வெளிர்நிற லேசான லாகர் பியர் குடிப்பவர்களைக் கிண்டல் செய்யும் ரீதியில் விளம்பரம் செய்து பெயர் வாங்கியது. 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் சமனில் முடித்தபோது, விட்னி தொகுதியின் எம்.பி.யும் பிரதமருமான டேவிட் கேமரன் பந்தயக் கணக்கைத் தீர்க்க ஒபாமாவிடம் கொடுத்ததும் இதைத்தான். இந்தப் பியரைக் காய்ச்சிய விச்வுட் ஆலை 2023இல் மூடப்பட்டு, காய்ச்சுவது வேறு ஊருக்குப் போய்விட்டது.

கிளாஸில் நான்கிலேயே அழகான சிவப்பு இதுதான், சந்தேகமில்லை. முகர்ந்தால் டாஃபி, கொஞ்சம் சாக்லேட். நாக்கில் முதலில் நன்றாக விரிகிறது. பிறகு நடுவில் ஒரு பள்ளம். இனிப்பு வந்து நிற்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு போகக் கசப்புக்குப் பலம் போதவில்லை. லாகர் குடித்துப் பழகியவருக்கு முதல் சிவப்பு ஏலாக இதைக் கொடுப்பேன். எனக்கு அரை பைண்ட் போதும்.

ஈ.எஸ்.பி. வேறு தரம். மேற்கு லண்டன், சிசிக், கிரிஃபின் ஆலை. 1971இல் இந்தப் பெயரோடு வந்தது. பீப்பாய் ஏலைக் காப்பாற்றப் புறப்பட்ட காம்ரா இயக்கம் தொடங்கிய ஆண்டும் அதுவே. அந்த இயக்கமே பின்னால் இதை 1978, 1981, 1985 என்று மூன்று முறை பிரிட்டனின் தலைசிறந்த பியராகத் தேர்ந்தெடுத்தது. பீப்பாயில் 5.5, பாட்டிலில் 5.9 சதவீதம். அமெரிக்காவில் ஈ.எஸ்.பி. என்பது ஒரு பியர் வகையின் பெயராகவே ஆகி, யார் வேண்டுமானாலும் காய்ச்சுகிறார்கள். லண்டனில் அது ஒரே ஆலையின் சரக்கு. 2019இல் ஃபுல்லர்ஸின் பியர் தொழிலை ஜப்பானின் அசாஹி வாங்கியது. பப்கள் மட்டும் பழைய நிறுவனத்திடம் இருக்கின்றன.

இதைக் காய்ச்சும் முறையில் ஒரு பழைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒரே மால்ட் கூழிலிருந்து இரண்டு முறை சாறு வடிப்பார்கள். முதல் வடிப்பு கெட்டி. அதே மால்ட்டின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாவது நீர்த்தது. தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் எடுக்கிறோமே, அதே கணக்கு. இரண்டையும் தனித்தனியாக ஹாப்ஸோடு கொதிக்கவைத்து, வெவ்வேறு அளவில் கலந்தால் ஒரே நாளில் பல பியர்: கெட்டி அதிகமென்றால் 8.5 சதவீத கோல்டன் பிரைடு, அதற்கு அடுத்து ஈ.எஸ்.பி., அடுத்து லண்டன் பிரைடு. அதனால் லண்டன் பிரைடு குடித்தவருக்கு ஈ.எஸ்.பி. அந்நியமாகவே இருக்காது, வீட்டு ஜாடை அப்படியே தெரியும்.

அந்த ஜாடை ஈஸ்ட்டுடையது. ஆரஞ்சுத் தோல் மர்மலேட் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் வேறு சொல் தேடிப் பார்த்துவிட்டு அதற்கே வந்துவிட்டேன். மூக்கில் அது, நாக்கில் டாஃபியும் செர்ரியும், அப்புறம் சார்ஜென்ட் மாதிரி வந்து நிற்கும் ஹாப்ஸ் கசப்பு. கசப்பு இனிப்பை அடிக்கவில்லை, முடித்துவைக்கிறது. விழுங்கிய பிறகு வாய் காய்ந்த மாதிரி ஒரு துவர்ப்பு. கை தானாகக் கிளாஸுக்குப் போகிறது. நான் தேடியது இதைத்தான். குறை ஒன்று சொல்லத்தான் வேண்டும்: நிறத்தில் இது சிவப்பை விடச் செம்புக்குப் பக்கம். ரூபி வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஏமாறுவார். அந்த மூன்று மதிப்பெண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளட்டும்.

பிராட்சைடு விஷயத்தில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பீப்பாயில் கிடைப்பது 4.7 சதவீதம், பாட்டிலில் வருவது 6.3. லேபிள் ஒன்று, பியர் இரண்டு. பப்பில் குடித்துவிட்டு "இதில் என்ன வலு?" என்று கேட்பவரும், வீட்டில் பாட்டிலைத் திறந்துவிட்டு "இதை எப்படி மூன்று பைண்ட் குடிக்கிறார்கள்?" என்று கேட்பவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த அலசலில் நான் எடுத்துக்கொண்டது பாட்டிலை.

1672இல் சவுத்வோல்டுக்கு எதிரே சோல் பே கடலில் நங்கூரமிட்டிருந்த ஆங்கில, பிரெஞ்சுக் கப்பல்கள் மேல் டி ராய்ட்டரின் டச்சுப் படை பாய்ந்தது. கடைசியில் இரண்டு தரப்புமே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. அந்தச் சண்டையின் 300ஆவது ஆண்டுக்காக 1972இல் ஆட்னம்ஸ் காய்ச்சிய பியர் இது. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து வெடிப்பதைப் பெயராக வைத்தார்கள். ஆனால் உள்ளே வெடிப்பது எதுவும் இல்லை. பழக்கேக், பாதாம், உலர்ந்த கருந்திராட்சை, மெல்லிய ரம் வாசம். ஃபர்ஸ்ட் கோல்டு என்ற ஒற்றை ஹாப்ஸ், அடக்கமாக. இங்கே இனிப்பை முடித்துவைப்பது கசப்பு அல்ல, ஆல்கஹாலின் வெதுவெதுப்பு. தொண்டையில் இறங்கும்போது அது வந்து துடைத்துவிடுகிறது, ஆனால் முழுதாக இல்லை. 500 மில்லி பாட்டிலில் கடைசி இரண்டு விரல்கடை எனக்குக் கொஞ்சம் கனத்துத்தான் போகிறது. பக்கத்தில் ஒரு துண்டு முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டி இருந்தால் கதை மாறுகிறது: உப்பும் கொழுப்பும் இனிப்பை வெட்டிவிடும், பியர் திடீரென்று அளவாகத் தெரியும். சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால் ஈ.எஸ்.பி.யை இது தாண்டிவிடும்.

டார்க் ரூபியை நியாயமாக எடைபோட செட்ஜ்லிக்குப் போக வேண்டும். பாட்டிலும் உண்டு, பிற ஊர்ப் பப்களிலும் எப்போதாவது தலைகாட்டும். ஆனாலும் அதன் இடம் பீக்கன் ஹோட்டல்தான். சாரா ஹியூஸ் அந்தப் பப்பை 1921இல் வாங்கினார். 1950களின் கடைசியில் பின்கட்டு ஆலையில் காய்ச்சுவது நின்றுபோனது. 1987இல் பேரன் மறுபடி அடுப்பு மூட்டினார். மாடி மாடியாக உயர்ந்த சின்ன ஆலை: மேலே மால்ட் ஏறும், கீழே இறங்க இறங்கப் பியர் ஆகும். பப்புக்குள் நடுவில் பெட்டி போன்ற ஒரு சிறு பரிமாறும் அறை. சுற்றியுள்ள அறைகளிலிருந்து தாழ்வான சிறு ஜன்னல் வழியாகக் குனிந்துதான் பைண்ட் வாங்க வேண்டும். ஊற்றுகிறவரின் முகத்தைவிடக் கைதான் அதிகம் தெரியும்.

மைல்ட் என்றால் இன்று மூன்று, மூன்றரை சதவீதத்தில் வரும் சாதுப் பியர். இது 6. முதல் உலகப் போருக்கு முன் மைல்ட் எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதற்கு உயிரோடு இருக்கும் சான்று. வெளிச்சத்தில் கருஞ்சிவப்பு. ஊறின பேரீச்சை, பிளாக்பெர்ரி, வாய் நிறைய மால்ட். இப்படிப் படித்தால் சர்க்கரைப்பாகு என்று தோன்றும். நானும் பிராட்சைடை விடத் திகட்டும் என்றே எதிர்பார்த்தேன். திகட்டவில்லை. பீப்பாய் ஏலில் வாயு குறைவு, கெட்டி அதிகமிருந்தும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கடைசியில் ஹாப்ஸ் ஒரு சிறு கசப்பை வைத்துவிட்டுப் போகிறது. இனிப்பைக் கசப்பால் அடிக்காமல், ஆல்கஹாலால் எரிக்காமல், பழவாசத்துக்குள்ளேயே கரைத்துவிடுகிறார்கள். நான்கில் இதை மட்டும் எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

என் வரிசை இது. ஒரே ஒரு பைண்ட் என்றால், அதுவும் பீக்கனில் என்றால், டார்க் ரூபி. எங்கே வேண்டுமானாலும், எந்த மாலையும், நம்பி வாங்க ஈ.எஸ்.பி.; பீப்பாயில் கிடைத்தால் பாட்டிலைத் தொட வேண்டாம், ஆனால் விற்பனை மந்தமான பப்பில் வாங்காதீர்கள், திறந்த பீப்பாய் மூன்று நாளைக்கு மேல் தாங்காது. குளிர்கால இரவில் வீட்டில், பாலாடைக்கட்டியோடு, பிராட்சைடு பாட்டில். ஹாப்காப்ளின் நான்காவது. ஈ.எஸ்.பி.க்கும் டார்க் ரூபிக்கும் இடையே முதலிடத்தை மாற்றிப் போடுகிறவரோடு நான் வாதாட மாட்டேன். பிராட்சைடை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு முதலிடம் கொடுப்பவரோடு வாதாடுவேன்.

கணக்கு ஒன்று பாக்கி. 6 சதவீதத்தில் ஒரு பைண்ட் டார்க் ரூபி 3.4 யூனிட் ஆல்கஹால் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). பிராட்சைடு பாட்டில் 3.15, ஈ.எஸ்.பி. பாட்டில் 2.95. பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நான்கையும் ஒரே மாலையில் ஒப்பிட ஆசைப்பட்டால் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சின்னச் சின்ன கிளாஸில் பகிர்ந்துகொள்ளுங்கள், செட்ஜ்லிக்குப் போகிறவர்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.