நோக்கியா 2011: சிம்பியனா, விண்டோஸா, ஆண்ட்ராய்டா, மீகோவா?

2011 பிப்ரவரி 11. மைக்ரோசாஃப்ட்ல இருந்து வந்து அஞ்சு மாசம் கூட ஆகாத சிஇஓ ஸ்டீஃபன் ஈலாப், இனிமே நோக்கியா ஸ்மார்ட்ஃபோன்னா விண்டோஸ் ஃபோன்தான்னு அறிவிச்சுட்டார். ஃபோனை ஓட்டற சாஃப்ட்வேருக்கு அன்னைக்கு நாலு வழி இருந்துச்சு, சிம்பியனும் மீகோவும் சொந்தம் (மீகோ இன்டெலோட சேர்ந்து செஞ்சது), விண்டோஸும் ஆண்ட்ராய்டும் வெளியார் சரக்கு. எனக்கு அப்பவும் இப்பவும் மீகோதான் சரின்னு படுது.

சிம்பியனை மட்டும் வெச்சு ரொம்ப நாள் ஓட்டியிருக்க முடியாது, ஒத்துக்கறேன். பட்டன் ஃபோனுக்கு எழுதினது, மேல டச்சை ஒட்ட வெச்சாங்க. அப்படி வந்த டச் ஃபோன் 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக் வெச்சிருந்தவங்களுக்குத் தெரியும், லிஸ்ட்ல ஒரு தடவை தொட்டா செலக்ட் ஆகும், திறக்க மறுபடி தொடணும், அதுவும் நகத்தால அழுத்தினாதான் கேக்கும். ஆனா சோறு போட்டது அதுதாங்க, 2010 கடைசி மூணு மாசத்துல மட்டும் 2.83 கோடி ஸ்மார்ட்ஃபோன் வித்தாங்க, கிட்டத்தட்ட எல்லாமே சிம்பியன்.

விண்டோஸ் பக்கம் பணம் வந்துச்சு, குவார்ட்டருக்கு 25 கோடி டாலர் மைக்ரோசாஃப்ட் கொடுத்துச்சு, பார்க்கவும் அழகா, வேகமா இருந்துச்சு. பிரச்சனை என்னன்னா பிப்ரவரில சிம்பியன் முடியப் போகுதுன்னு ஊருக்கே சொல்லிட்டு விண்டோஸ்ல ஓடற முதல் லூமியா ஃபோனை அக்டோபர்லதான் காட்டினாங்க, நடுவுல சாகப்போற ஃபோனை யாரு காசு கொடுத்து வாங்குவா, ஏப்ரல்-ஜூன்லயே விற்பனை 1.67 கோடிக்கு இறங்கிடுச்சு. 2012 ஜூன்ல இன்னொரு அடி, இருக்கற லூமியா எதுக்கும் அடுத்த வெர்ஷனான விண்டோஸ் ஃபோன் 8 கிடையாதாம், அமெரிக்கால லூமியா 900 கடைக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆச்சு! 2013 செப்டம்பர்ல ஃபோன் பிசினஸையே மைக்ரோசாஃப்டுக்கு விக்கறதா சொல்லிட்டாங்க. நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி வரி வழக்குல மாட்டி அந்த டீல்ல சேரவே இல்ல, 2014 நவம்பர்ல மூடிட்டாங்க.

ஆண்ட்ராய்டு எடுத்தா சாம்சங் முழுங்கிடும்னு ஈலாப் பயந்தார், நியாயமான பயம்தான். ஆனா நோக்கியாகிட்ட கேமரா இருந்துச்சு, சொந்த மேப்ஸ் இருந்துச்சு, கீழ போட்டாலும் உடையாதுங்கற பேரு இருந்துச்சு. என் கணக்குல இது ரெண்டாவது இடம்.

மீகோ ஏன் முதல்லன்னா, மீகோ ஃபோனான என்9-ஐயும் விண்டோஸ் ஃபோனான லூமியா 800-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரே பாலிகார்பனேட் (கெட்டி பிளாஸ்டிக்) உடம்பு. என்9 முன்பக்கம் ஒரு பட்டன் கிடையாது, ரெண்டு தட்டு தட்டினா ஸ்கிரீன் எரியும், ஓரத்துல இருந்து விரலைத் தள்ளினா ஆப் நகர்ந்து ஹோம் வந்துடும். லூமியால விண்டோஸுக்காக கீழ மூணு பட்டனுக்கு இடம் விட்டதால 3.9 இன்ச் ஸ்கிரீன் 3.7 ஆச்சு, முன் கேமராவும் போச்சு. அப்ப டீக்கடைல பக்கத்துல இருக்கறவனுக்கு ப்ளூடூத்ல பாட்டு அனுப்பிட்டிருந்த நம்ம ஊர்ல, அந்த விண்டோஸ்ல ப்ளூடூத்ல ஃபைலே அனுப்ப முடியல.

மீகோ வேலை மெதுவா போச்சு, நிஜம்தான். ஆனா ஆப் எழுதற கருவியான க்யூட்டி (Qt) நோக்கியா கையிலயே இருந்துச்சு, 2008-ல ட்ரால்டெக் கம்பெனியை வாங்கினதுல வந்தது, அதுல எழுதின ஆப்பை சிம்பியன்லயும் மீகோலயும் ஓட்டலாம், அதாவது பழைய கஸ்டமரை கையைப் பிடிச்சு புதுசுக்குக் கூட்டிட்டுப் போக பாலம் ரெடியா இருந்துச்சு. என்9 நல்லா வித்தாலும் மீகோவுக்குத் திரும்ப மாட்டோம்னு ஈலாப் சொல்லிட்டார். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனில அதை விக்கவே இல்ல.