கொள்ளுத் தாத்தாவின் அண்ணனைத் தேடிய ஆறு ஆண்டுகள்: எந்த ஆவணம் எவ்வளவு உதவியது

என் கொள்ளுத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவர் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைக்குப் போனார், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது இவ்வளவுதான். கூடவே ஓர் அடையாளமும் மிஞ்சியிருந்தது: சிறு வயதில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலிருந்து பாகு கொட்டி, இடது முழங்காலுக்குக் கீழே வெந்த தழும்பு. பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு ஆட்டும் குடும்பங்களில் இப்படி ஒரு தழும்பு இருப்பது புதிதல்ல. அதனால் அதை நான் முதலில் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது தவறு என்று ஐந்தாம் ஆண்டில் தெரிந்தது.

2019-இல் தேடத் தொடங்கினேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்காக, நான் பயன்படுத்திய ஆவணங்களைப் பற்றி எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். எங்கள் பெட்டியில் கிஸ்தி ரசீதுகள், இரண்டு புரோநோட்டுகள், ஓர் அடமானப் பத்திரம், கரையான் அரித்த ஒரு சாதகம் ஆகியவை இருந்தன. அடமானப் பத்திரத்தில் ஆங்கிலத் தேதி இல்லை. ‘விகாரி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தது. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆகவே விகாரி என்றால் 1899–1900 ஆகவும் இருக்கலாம், 1959–60 ஆகவும் இருக்கலாம். இதைத் தீர்த்து வைத்தது முத்திரைத்தாள். அதில் விக்டோரியா மகாராணியின் தலை இருந்தது. ஆக அது 1900-ஆம் ஆண்டின் தை மாதம். பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர்கள் அண்ணனும் தம்பியும், இரண்டு பேருமே கைநாட்டு. அண்ணனின் பெயரைக் காகிதத்தில் நான் பார்த்தது அன்றுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது பட்டா, சிட்டா பார்க்கும் அரசு இணையதளம். இன்றைய உரிமையாளரைத் தெரிந்துகொள்ள அது நல்ல வசதி; முன்னோரைத் தேட நேரடியாக உதவாது. ஆனால் ஊரின் எல்லாப் புலங்களையும் பட்டியலிடும் அ-பதிவேட்டில் ‘பழைய புல எண்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அதுதான் பாலம். 1980களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறின, ஏக்கரும் சென்டும் ஹெக்டேராகவும் ஏராகவும் ஆயின. பழைய எண் கையில் இல்லாமல் பழைய பத்திரத்தைத் தேடினால் வேறு யாருடைய காட்டிலோ போய் நிற்போம். நான் நின்றேன், நான்கு மாதம் வீணாகியது.

நிலத்தின் வழியாகத் தேடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தைப் புலம் புலமாக அளந்து, ரயத்தின், அதாவது உழவரின் பெயரில் தீர்வை எழுதினார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய முறை வேர்விட்டது இந்த மண்ணில்தான். மனிதர் பிறந்ததையும் இறந்ததையும் எழுதிவைக்க அரசு அக்கறை கொள்வதற்குப் பல தலைமுறை முன்பே, அவர் கட்ட வேண்டிய தீர்வையை எழுதி வைத்துவிட்டது. கடன் வாங்கியபோது, விற்றபோது, வரி கட்டியபோது நம் முன்னோர் ஏட்டில் தென்படுவார்கள். நல்லபடியாக வாழ்ந்த ஆண்டுகளில் அவர்களைக் காண முடியாது.

பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர்க் கணக்கரான கர்ணம், ஊர்த் தலைவரான மணியக்காரர் ஆகிய பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது கைமாறிய கட்டுகளில் எங்கள் ஊருக்குரிய பல ஆண்டுகள் காணவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் தாத்தா தலைமுறைக்குப் பார்க்கலாம், ஆனால் பிறந்த தேதியை நம்ப வேண்டாம். பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஆசிரியர் போட்ட தேதியாகவே பெரும்பாலும் இருக்கும். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு பங்காளி வரிசையை உறுதி செய்ய மிகவும் நம்பகமானது. வரி விஷயத்தில் பங்காளிகள் ஒருவரையும் விட்டுவைப்பதில்லை.

நான் அதிக காலம் செலவிட்டது சார்பதிவகத்தில். எனக்கு வேண்டிய காலத்து வில்லங்கச் சான்று இணையத்தில் இல்லை. தேடுதல் கட்டணம் கட்டி, பெயர் அட்டவணையையும் சொத்து அட்டவணையையும் புரட்ட வேண்டியிருந்தது. ஒரு முக்கியமான செய்தி: ஊர் இன்று எந்தச் சார்பதிவகத்துக்குள் இருக்கிறதோ அங்கேதான் பழைய புத்தகமும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. தர்மபுரி மாவட்டமே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஓர் அலுவலகத்தில் ‘அப்படி ஒரு புத்தகமே கிடையாது’ என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். வேறோர் அலுவலகத்தின் அலமாரியில் அதே புத்தகம் இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, பழைய கையெழுத்தை என்னுடன் உட்கார்ந்து படித்துச் சொன்ன பத்திர எழுத்தருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

அங்கே கிடைத்தது ஒரு கிரயப் பத்திரம். சார்வரி வருஷம், அதாவது 1900–01. அடமானம் வைத்த அதே புன்செயைத் தம்பி மட்டும் தனியாக விற்கிறார். கூட்டுக் குடும்பச் சொத்தில் அண்ணன் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று வாங்குபவர் கேட்டிருக்க வேண்டும். அதற்கு விளக்கமாக, தமையன் ‘நெட்டால்’ தேசம் போய்விட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறது. எழுத்தர் அந்தச் சொல்லை இரண்டு முறை படித்தார். கண்டி இல்லை. அதற்குள் இலங்கைத் தோட்டங்களைப் பற்றியும் அங்கே போகும் கூலிகளைத் தங்கவைத்த மண்டபம் முகாமைப் பற்றியும் இரண்டு ஆண்டு விசாரித்து முடித்திருந்தேன்.

நேட்டால் இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள்; பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு. கொப்பரையில் வெந்த காலோடு அவர் மறுபடியும் கரும்புக்கே போயிருக்கிறார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பனில் காக்கப்பட்டிருக்கின்றன. கணினியில் ஏற்றப்பட்ட வடிவத்தை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். எழுதியவர்களின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படித்தான் எழுத்து விழுந்திருக்கிறது. முனுசாமி அங்கே மூன்சாமி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். ஜில்லாவை வைத்துத் தேடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை எல்லாம் அன்று சேலம் ஜில்லா. நான் சேலம் என்று போட்டு, பத்திரம் காட்டிய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு நாள் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். ஏழு வாரம் ஆனது.

ஊர்ப் பெயர் சிதைந்திருந்தது. தகப்பன் பெயர் சரியாக இருந்தது. வயது 24. உடல் அடையாளத்தில், இடது கணுக்காலுக்கு மேல் தழும்பு. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எங்கள் குடும்பத்தில் அந்தத் தலைமுறையில் யாருக்கும் புகைப்படம் கிடையாது. அவர் ஒருவருடைய உயரம் மட்டும் எனக்குத் தெரியும்.

இந்தப் பட்டியலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டில் எங்கள் குடும்பப் பெண் ஒருவரின் பெயரையும் உள்ளூர் ஆவணத்தில் நான் பார்க்கவில்லை. ‘இன்னாருடைய பெண்சாதி’ என்பதோடு சரி. கப்பல் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண், தனிப் பெயர், தனி உயரம். கூலிக்கு ஆள் கணக்கு வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எழுதினார்கள். ஆனாலும் எழுதியிருக்கிறார்கள்.

அதனால்தான் அடுத்த வரியைக் கவனித்தேன். அவருக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண், வயது 19, ஊர் அரூர்ப் பக்கம், சாதி வேறு. அடுத்தடுத்த எண் என்பதால் மட்டும் இருவரும் சேர்ந்து போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் வரிசையில் நின்றதாலும் அப்படி வந்திருக்கலாம். ஆனால் ஒரே தோட்டத்துக்கு இருவரையும் அனுப்பியிருக்கிறார்கள்.

எண்பத்தெட்டு வயதாகும் என் அப்பாவின் அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் பெயரை மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்டி என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்று என் கொள்ளுத் தாத்தா நினைத்திருப்பார் என்றார். ஆடு மாட்டைக் கட்ட நேரமாகிவிட்டதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. 1914-இல்தான் அது நீங்கியது. வரி என்று ஒன்று இருந்தால் ஏடும் இருக்கும். இப்போது அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு.