பியூட்டைல் தகடா, நுரைப் பாயா?

கோப்ரா என்ற பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் நகலைக் கட்டுபவரை முதலில் வாட்டுவது, கால் வைக்கும் அறையான கால்பெட்டியின் சூடு. எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினின் புகைக்குழாய்கள் அதை ஒட்டியே செல்கின்றன.

பலரும் நாடுவது அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) தகடு. அதன் வேலை அதிர்வை அடக்குவது; வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்காது. தட்டினால் அதிரும் இடங்களில் கால்பங்கு முதல் பாதிப் பரப்பு வரை ஒட்டினாலே போதும். முழுவதும் ஒட்டினால் வீண் எடை: 2 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ!

நுரைப் பாயின் மூடிய காற்றறைகள்தான் வெப்பத்தை மறிக்கின்றன. நீரையும் உறிஞ்சுவதில்லை, மழையில் நனையும் திறந்த காருக்கு இது மிக முக்கியம். பஞ்சுப் பாயைத் தயவுசெய்து போடாதீர்கள், ஈரம் தங்கி இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும்.

கால்பெட்டிக்கு நான் நுரையையே தேர்ந்தெடுப்பேன். பியூட்டைல், அதிரும் இடங்களுக்கு மட்டும்.