ஓஏஈ-யா பெரா-வா, பொறந்த கொழந்தைக்கு எந்த காது டெஸ்ட்?

சேலம் அஸ்தம்பட்டில தங்கச்சி கொழந்தைக்கு மூணாம் நாள் ஓஏஈ எடுத்தாங்க, இடது காது 'ரெஃபர்'னு (பாஸ் ஆகல, மறுபடி பாக்கணும்னு அர்த்தம்) வந்து வீடே கலங்கிப்போச்சு. அடுத்து என்ன டெஸ்ட்னு குழம்புறவங்களுக்காக இது.

ஓஏஈ: காதுல குட்டி ப்ரோப் வச்சு க்ளிக் சத்தம் குடுப்பாங்க, உள்காதுல இருக்குற மயிர்செல்லுங்க பதிலுக்கு ரொம்ப மெல்லிசா ஒரு சத்தம் போடும், அத மைக் பிடிச்சிரும். ஆமா, காதே சத்தம் போடும், விஞ்ஞானி டேவிட் கெம்ப் 1978-லயே அளந்து காட்டிட்டார்.
பெரா: தலையில எலக்ட்ரோடு ஒட்டி, சத்தம் நரம்பு வழியா மூளைத்தண்டுக்குப் போகுதான்னு பாக்கும்.

நேரம்: ஓஏஈ சில நிமிஷம்தான், ஆனா ரூம் அமைதியா இருக்கணும், சேலம் வெயில்ல ஃபேனையே நிறுத்திட்டாங்க!
பெராவுக்கு கொழந்த அசந்து தூங்கணும், பால் குடுத்து தட்டிக்கிட்டே காத்திருக்கணும், செலவும் கூட.

கோட்டை விடுறது: காதுல பொறந்தப்ப ஒட்டின வெள்ளை மாவோ தண்ணியோ இருந்தாலே ஓஏஈ ரெஃபர் காட்டும். நரம்புல கோளாறுன்னா பாஸ்னே காட்டிரும், அத பெராதான் பிடிக்கும்.

நார்மலா பொறந்த கொழந்தைக்கு மொதல்ல ஓஏஈ போதும். அஞ்சு நாளுக்கு மேல ஐசியூல இருந்தது, மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாத்தினதுன்னா நேரா பெராவே கேளுங்க. எங்க பாப்பா ரெண்டு வாரம் கழிச்சு ஓஏஈ-லயே பாஸ்.