எக்ஸோசோமைப் பிரிக்க: சென்ட்ரிஃபியூஜா, ஜெல் குழாயா?

செல்கள் வெளியே விட்டு ரத்தத்தில் மிதக்கும் எக்ஸோசோம் போன்ற நுண்பைகளில் புற்றுநோய்க்கு அடையாளமாகும் சிறுமூலக்கூறுகளைத் தேடப் போனால், பிளாஸ்மாவிலிருந்து அந்தப் பைகளைப் பிரிப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். சிங்கப்பூர் பயோபோலிஸில் எங்கள் லேப்பில் அதிவேகத்தில் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ், நுண்துளை மணிகள் நிரப்பிய ஜெல் குழாய் என்ற இரண்டு முறைகளையும் ஓட்டிப் பார்த்து, ஜெல் குழாய்க்கே வந்துவிட்டோம்.

பாலிமர் ஊற்றிப் படியவைக்கும் கிட் சுலபம்தான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். மிஞ்சும் அந்தப் பாலிமர், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் 44 டால்டன் (நிறை அலகு) இடைவெளியில் சீப்புப் பல் போல வரிசைகட்டி நிற்கும்.

அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் 1,00,000 ஜி (புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு) விசையில் மணிக்கணக்கில் சுற்றும். செல் வளர்த்த திரவம் லிட்டர் கணக்கில் இருந்தால் அதுதான் கைகொடுக்கும்.

பிளாஸ்மாவில் எல்லாமே சுத்தத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 நானோமீட்டர் பைக்குள் ஒரு பொருள் 1 மில்லிமோலார் செறிவில் இருந்தால்கூட, ஒரு பைக்கு ஏறத்தாழ 300 மூலக்கூறுதான். வெளியே பிளாஸ்மாவிலோ குளுக்கோஸ் மட்டுமே 5 மில்லிமோலார், அமினோ அமிலங்கள் வேறு. சுற்றி முடித்தபின் ட்யூப் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தைச் சரியாக எடுக்காவிட்டால், நாம் அளப்பது பையை அல்ல, பிளாஸ்மாவைத்தான். இரண்டாம் முறை கழுவிச் சுற்றினால் கொஞ்சம் பையும் போய்விடும். ஜெல் குழாயில் பெரிய பைகள் மணிகளுக்கு வெளியே ஓடி முதலில் வந்துவிடும், சிறுமூலக்கூறுகள் மணித் துளைகளுக்குள் புகுந்து சுற்றி வெகு தாமதமாக வரும், அதனால் ஒரே ஓட்டத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இதற்காகவே நான் ஜெல் பக்கம்.

குறை இல்லாமல் இல்லை. மாதிரி நீர்த்துப்போகும், பிறகு செறிவாக்க வேண்டும். பையின் அளவிலேயே இருக்கும் கைலோமைக்ரான், விஎல்டிஎல் கொழுப்புத் துகள்களும் கூடவே வந்துவிடும். காலையில் பிராட்டா சாப்பிட்டுவிட்டு வந்தவரின் ரத்தத்தில் அது நன்றாகவே தெரியும், அதனால் இரவு முழுக்கப் பட்டினி இருந்தவரிடம்தான் எடுக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜிலும் தப்ப முடியாது, அங்கே அடர்த்தி ஒத்துப்போவதால் எச்டிஎல் என்ற கொழுப்புத் துகள் கூட வரும். லிப்பிட் (கொழுப்பு) தேடுபவர்கள் இரண்டு முறையையும் சேர்த்துச் செய்வது நல்லது. சிறுநீரில் எனக்கு அனுபவம் குறைவு, ஆகவே இதைப் பிளாஸ்மாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், குழாயில் ஓட்டும் ஃபாஸ்ஃபேட் பஃபர் (உப்புக் கரைசல்) மாஸ் ஸ்பெக்கின் சிக்னலை அமுக்கும். ஆவியாகிவிடும் அம்மோனியம் அசிடேட்டுக்கு மாறுங்கள். நோயாளி, ஆரோக்கியமானவர் மாதிரிகளோடு வெறும் பஃபரையும் அதே குழாயில் ஓட்டி, அதிலும் தெரியும் பொருள்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு மேலே போங்கள்.